காசிமேட்டிலிருந்து ஒரு மெமோ

சென்னைக் காசிமேட்டில் மீன் ஏலம் தொடங்க இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. துறைமுக வாசலில் டீக்கடை பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். சட்டைக்கு மேல் சட்டையாக நான்கு. மடியில் ஒரு சாக்குமூட்டை. இவர் நான் கற்பனை செய்த ஆள்தான். ஆனால் ராயபுரம் முதல் எண்ணூர் வரை இரவு ரோந்து போனவர் எவரும் இவரைப் பார்த்ததில்லை என்று சொல்ல மாட்டார்.

“மூணு நாளா இங்கதான் சார் கெடக்குறாரு. யாரையும் ஒண்ணும் பண்ணல. சோறு குடுத்தா ரெண்டு வாய் துன்னுட்டு வெச்சிடுறாரு. தனியா பேசிக்கினே இருக்காரு” என்கிறார் கடைக்காரர்.

இதைக் கேட்டுக்கொண்ட ரோந்துக் காவலர் நிலையத்துக்கு வருகிறார். மேசையில் ஒரு தாள் பிறக்கிறது. மெமோ. “சந்தேகத்துக்கிடமான வகையில் சுற்றித் திரிந்த மேற்படி நபரை…” என்று பழகிய கை தானாக எழுதிக்கொண்டு போகிறது. கடைக்காரர் சொன்னது அத்தனையும் அந்த ஒரு வரியில் கரைந்துவிடுகிறது.

இந்தத் தாளுக்குப் பெரிய பரம்பரை உண்டு. 1912ஆம் ஆண்டின் பித்தர் சட்டம், சித்தம் கலங்கியவர் என்று தோன்றும் ஆள் தெருவில் திரிந்தால் ‘கைது’ செய்து நடுவர் முன் நிறுத்தும் அதிகாரத்தை நிலைய அதிகாரிக்குக் கொடுத்தது. திருடனுக்கும் அதே சொல், நோயாளிக்கும் அதே சொல். 1987இல் வந்த மனநலச் சட்டம் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, ‘பாதுகாப்பில் எடுத்தல்’ என்றது. ஆனாலும் 24 மணி நேரத்துக்குள் நடுவரிடம்தான் போக வேண்டும். 2017இல் நிறைவேறி 2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம்தான் பாதையைத் திருப்பியது. அதன் 100ஆவது பிரிவுப்படி, ஆளை 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். எதற்காக அழைத்துப் போகிறோம் என்பதை அவருக்கே சொல்ல வேண்டும். லாக்கப்பில் வைக்கவே கூடாது.

ஆக, தாளில் ‘பெறுநர்’ என்ற இடத்தில் நடுவர் போய் மருத்துவ அலுவலர் வருவதற்கு 105 ஆண்டுகள் பிடித்தன.

மெமோ இப்போது காவலரின் சட்டைப் பையில் ஏறுகிறது. முதல் நிறுத்தம் ஸ்டான்லி மருத்துவமனையாக இருக்கலாம். அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது. அது நிற்கும் சாலையின் பெயர் பழைய ஜெயில் ரோடு. மனம் கலங்கியவரைக் காவலர் எங்கே கொண்டுபோவார் என்ற கேள்விக்கான பழைய விடையும் புதிய விடையும் ஒரே முகவரியில்.

அங்கிருந்து மேற்கே போனால் புரசைவாக்கம். 1794இல் வாலன்டைன் கானலி என்ற கம்பெனி மருத்துவர் 16 பேருடன் ஒரு காப்பகம் தொடங்கியது அந்தப் பக்கத்தில்தான். 1871இல் அது கீழ்ப்பாக்கத்துக்கு இடம்பெயர்ந்தது. இன்று மேடவாக்கம் குளம் சாலையில் இருக்கும் மனநலக் காப்பகம் அதன் வாரிசு. சென்னைவாசிக்குக் ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஊர்ப்பெயரே வசைச்சொல் ஆகிப்போனது அதனால்தான். ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்று வாய் கூசாமல் சொல்கிறோம். மெமோவை எழுதும் காவலரும் அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்தான்.

பணி மருத்துவர் தாளைப் பிரிக்கிறார். அவருக்கு வேண்டியது வேறு. தூங்கினாரா, சாப்பிட்டாரா, காதில் குரல் கேட்கிறது போல் நடந்துகொண்டாரா, குடித்திருந்தாரா, தலையில் அடிபட்டதா. ‘சந்தேகத்துக்கிடமான’ என்ற சொல் இதில் எதற்கும் பதில் இல்லை. கடைக்காரரின் நாலு வாக்கியத்தில் பாதிப் பதில் இருந்தது. அது காசிமேட்டிலேயே தங்கிவிட்டது.

இதற்குத்தான் காவலரோடு மனநலம் தெரிந்த ஒருவரும் போக வேண்டும் என்கிறோம். உலகில் இது புதிதல்ல. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் மனநோய் கொண்ட ஒருவர் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானபின், 1988இல் காவலர்களுக்குத் தனிப் பயிற்சி தொடங்கினார்கள். மறு ஆண்டு அதே நாட்டின் யூஜின் நகரில் போலீஸே இல்லாமல், ஒரு மருத்துவ உதவியாளரையும் ஒரு நெருக்கடிப் பணியாளரையும் வேனில் ஏற்றி அனுப்பினார்கள். சென்னையில் 2021 ஏப்ரலில், மகேஷ்குமார் அகர்வால் ஆணையராக இருந்தபோது, ‘காவல் கரங்கள்’ தொடங்கியது. தெருவில் ஆதரவற்றுக் கிடப்பவர்களைப் போலீஸும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து மீட்டுக் காப்பகத்திலோ குடும்பத்திலோ சேர்க்கும் ஏற்பாடு அது. நல்ல தொடக்கம். ஆனால் காவலர்களுக்கு அவ்வப்போது விழிப்புணர்வுப் பயிற்சி தர வேண்டும் என்று சொல்லும் 2017 சட்டம், மனநலப் பணியாளர் ஒருவர் கூடவே வந்து நிற்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. மீட்பு வேன் புறப்படுவதற்கு முன், மெமோவின் அந்த முதல் வரியைக் காவலர் தனியாகத்தான் எழுதுகிறார். ஒரு சமூகப்பணியாளர் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, “அண்ணே, சாப்டீங்களா?” என்று ஆரம்பித்திருந்தால் அந்த வரியே வேறாக இருந்திருக்கும்.

மெமோவின் பயணம் மருத்துவமனைக் கோப்போடு முடிவதில்லை. நூறாவது பிரிவின் கடைசியில், அதிகம் பேசப்படாத ஒரு கட்டளை இருக்கிறது: வீடற்றவராக இருந்தால், ‘காணாமல்போனவர்’ என்று முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும், குடும்பத்தைத் தேடுவது நிலைய அதிகாரியின் கடமை. ஆள் கண்ணெதிரே இருக்கிறார், கோப்பில் காணாமல்போனவர். வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் எங்கோ ஒரு வீட்டில் அவர் காணாமல்போனவர்தான்; சட்டம் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறது.

நம் ஆள் மருந்து பிடித்து, இரண்டு மூன்று வாரம் கழித்துப் பேசத் தொடங்கலாம். தெலுங்கோ, ஒடியாவோ, வங்காளமோ. சரக்கு ரயிலும் கன்டெய்னர் லாரியும் வந்து சேரும் கரை இது. எந்த மொழியும் இறங்கும். வார்டில் யாராவது ஒருவர் பொறுமையாகக் கேட்டு ஓர் ஆற்றின் பெயரையோ கோயில் பெயரையோ பிடித்துவிடுவார். அன்று காசிமேட்டு மெமோவில் ‘ஊர்’ என்ற இடத்தில் போட்டிருந்த கோட்டின் மேல் ஒரு பெயர் ஏறும். அதன் பிறகு அந்தத் தாள் புறப்பட வேண்டியது, அந்த ஊர்ப் போலீஸ் ஸ்டேஷனுக்கு.