குன்னூரிலிருந்து தார்நாகா வரை: ஓர் ஊசியின் முன்கதை

"ஏங்க, அந்த வாரம் ஒரு தடவை போடுற ஊசியை நானும் போட்டுக்கட்டுமா?"

தங்கமணி இப்படிக் கேட்டதும் கையில் இருந்த காபி டபரா லேசாக ஆடிவிட்டது. அவளுக்கு நாற்பத்தைந்து வயது. மாதவிலக்கு தாறுமாறாகி இரண்டு வருஷமாச்சு. ஏழு கிலோ ஏறியிருக்கிறது, அதில் பாதி வயிற்றில். நியூஜெர்சியில் இருக்கும் என் தங்கை அந்த ஊசியில் இளைத்துவிட்டாளாம்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. காரணம் எங்கள் பெரியக்கா. 2009-ல் அவருக்கு 41 வயது. சென்னையில் ஒரு டாக்டர் சிபுட்ரமின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்று மாதத்தில் ஐந்து கிலோ இறங்கியது. கூடவே படபடப்பு, பிரஷர். பயந்துபோய் நிறுத்திவிட்டார். 2010-ல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அந்த மருந்து கடைகளிலிருந்து போனது. 2011-ல் இந்தியாவிலும் தடை. ஏற்கெனவே இதய நோய் இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடியதை ஒரு பெரிய ஆய்வு காட்டியிருந்தது.

கடன் கேட்டு வருபவரின் பழைய கணக்கைப் புரட்டாமல் கையெழுத்துப் போடமாட்டேன். எடை மருந்துகளின் கணக்கையும் புரட்டினேன். 1930-களில் அமெரிக்காவில் டைநைட்ரோஃபீனால்: உடம்பைக் கொதிக்க வைத்துக் கொழுப்பை எரித்தது, கண்புரை வந்தது, சிலர் செத்தே போனார்கள். 1997-ல் ஃபென்ஃப்ளூரமின் இதய வால்வைக் கெடுக்கிறது என்று வாபஸ். 2009-ல் ரிமோனபன்ட், மனச்சோர்வு காரணமாக இந்தியாவில் தடை. வரும்போது எல்லாமே மாப்பிள்ளை மாதிரிதான் வந்திருக்கின்றன!

இந்தக் கதைக்கு ஹைதராபாத்தில் ஒரு சாட்சி உண்டு. தார்நாகா பக்கம் போனவர்கள் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தைப் பார்த்திருப்பீர்கள். 1918-ல் ராபர்ட் மெக்கரிசன் குன்னூரில் ஒரு சின்ன அறையில் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கியதுதான் அது. 1958-ல் ஹைதராபாத்துக்கு மாற்றம். நம்மைப் போலவே டிரான்ஸ்ஃபரில் வந்த தமிழ்நாட்டு ஆள்! சேலத்தில் பிறந்த சி. கோபாலன் அதன் இயக்குநராக இருந்த காலத்தில் கவலையெல்லாம் நோஞ்சான் குழந்தைகளைப் பற்றித்தான். அந்தப் பஞ்சத்தைப் பார்த்த நம் பாட்டிகளுக்குச் சதை என்றால் சௌக்கியம். அதே நிறுவனத்தின் 2024 வழிகாட்டி தொப்பையைத் தவிர்க்கச் சொல்கிறது. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40 சதவீதம் பேருக்கு எடை அதிகம். தெலங்கானாவில் 30.

இப்போது வந்திருக்கும் ஊசி பழைய மாத்திரைகளின் ஜாதி இல்லை. சாப்பிட்டதும் குடலில் சுரக்கும் ஹார்மோனைப் போல நடித்துப் பசியை அடக்குகிறது. இந்தியாவில் டிர்ஸெபடைட் 2025 மார்ச்சிலும், எடைக்கான செமக்ளூடைட் ஜூனிலும் விற்பனைக்கு வந்தன. 2021-ல் வெளிவந்த ஆய்வில் செமக்ளூடைட் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீத எடையைக் குறைத்தது. ஆனால் நிறுத்தின ஒரு வருஷத்தில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. ஆக, இது ஒருமுறை போடும் டெபாசிட் இல்லை, நீண்டகால இஎம்ஐ. கொழுப்போடு தசையும் கரைகிறது. மாதவிடாய் நிற்கும் வயதில் தசையும் எலும்பும் தானாகவே தேய்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

"அக்காவுக்கு ஆனதுக்கு நான் எதுக்குப் பயப்படணும்? அது வேற மருந்து, இது வேற" என்றாள். நியாயம்தான். உடம்பு அவளுடையது, பயம் மட்டும் என்னுடையது.

டாக்டரிடம் போனோம். தைராய்டு, சர்க்கரை, பிரஷர் எல்லாம் பார்த்தார். பிஎம்ஐ 26. இந்த ஊசிக்கு 30 வேண்டும், அல்லது 27-உடன் சர்க்கரை, பிரஷர் மாதிரி ஏதாவது இருக்க வேண்டும். "இப்போதைக்கு வேண்டாம். பருப்பு, முட்டை, மோர் கூட்டுங்க, வாரம் மூணு நாள் வெயிட் தூக்குங்க, ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்றார். அக்கா கதையைச் சொன்னதும், அன்றைக்கு அந்த மாத்திரையை எழுதாத டாக்டர்கள் குறைவு என்று ஒத்துக்கொண்டார்.

இப்போது வீட்டில் இரண்டு டம்பெல்கள் இருக்கின்றன. ஒன்று எனக்காம்.

டிஸ்கி: நான் பி.காம்., டாக்டர் இல்லை. உங்கள் வீட்டுத் தங்கமணி கேட்டால் தடுக்காதீர்கள். கூடவே டாக்டரிடம் போங்கள்.