கட்டுமரத்தின் அருகே சிறிது நேரம்

பீர்க்கன்கரணையிலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளத்துக் கார்மேல் அன்னையின் ஆலயத்திற்குச் செல்லும் நாம், வழிபாடு முடிந்ததும் கடற்கரையில் சற்றே காற்று வாங்கித் திரும்புகிறோம். கண்ணாடியிழைப் படகுகளிடையே அரிதாய்க் கிடக்கும் கட்டுமரத்தை, ஏழையின் ஊர்தி என்றெண்ணிக் கடந்துவிடுகிறோம். அதனருகே சிறிது நேரம் நின்றால், நமது பயணம் ஈராயிரம் ஆண்டுகள் நீளும்.

கி.பி. முதல் நூற்றாண்டில், பெயர் அறியப்படாத கிரேக்க வணிகர் ஒருவர் ‘எரித்திரேயக் கடலின் பெரிப்புளூஸ்’ என்னும் நூலை எழுதினார். கமரா, பொதுகே, சோபட்மா என நம் கீழைக்கரைத் துறைகள் மூன்றை அதில் குறிக்கிறார். பொதுகே என்பது அரிக்கமேடு என அறிஞர் பலர் கொள்வர். மரங்களைப் பிணைத்த பெருங்கலங்களைச் ‘சங்கரா’ என்கிறார். இரு தோணிகளை இணைத்த ஓடத்தைக் குறிக்கும் நம் ‘சங்காடம்’ என்னும் சொல்லோடு இதனைப் பொருத்திப் பார்ப்போர் உளர்.

அவர் எழுதியது வணிகரும் மாலுமிகளும் வழங்கிய பொதுக் கிரேக்கம். அதே நூற்றாண்டில், அதே மொழியில்தான் தூய பவுல் தம் திருமுகங்களை எழுதினார். மால்தா தீவருகே அவரது கப்பல் உடைந்த செய்தியும் (திருத்தூதர் பணிகள் 27) அம்மொழியிலேயே நமக்குக் கிடைத்தது. மிளகு வணிகமும் நற்செய்தியும் ஒரே மொழியில் கடல் கடந்தன.

கிழக்கே பசிபிக் பெருங்கடலில், பொலினீசியர் இரட்டைக் கலங்களில் ஹவாய், ஈஸ்டர் தீவு, நியூசிலாந்து வரை சென்று குடியேறினர். அவ்வகைக் கலத்திற்கு மேலைநாட்டார் நம் கட்டுமரத்தின் பெயரையே ‘கேட்டமரான்’ எனச் சூட்டினர். ஆயினும், காற்றும் நீரோட்டமும் ஒதுக்கிய இடத்தில் தற்செயலாய்க் கரை சேர்ந்தவர்கள் என்றே ஆய்வாளர் சிலர் அம்மக்களைக் கருதினர். 1976-ஆம் ஆண்டு ‘ஹொக்குலேயா’ என்னும் இரட்டைக் கலம் ஹவாயிலிருந்து தாஹிதிக்குப் புறப்பட்டது. மைக்ரோனீசியாவின் சட்டவால் தீவினரான மௌ பியாய்லுக், திசைகாட்டியும் வரைபடமும் இன்றி, விண்மீன்களையும் அலைகளின் போக்கையும் கொண்டே வழிகாட்டினார். ஏறத்தாழ ஒரு திங்களில் கலம் கரை சேர்ந்தது. பழைய எண்ணம் பொய்த்தது.

ஏட்டில் எழுதப்படாத அறிவை அறிவெனக் கொள்ளாத அப்பிழையை நாமும் செய்யவில்லையா? வாடை, கொண்டல், கச்சான் எனக் காற்றைப் பெயரிட்டழைக்கும் நம் மீனவ முதியோரிடம் நாம் மீன் விலையைத் தவிர வேறெதைக் கேட்டிருக்கிறோம்? ஆண்டவர் முதலில் அழைத்ததும் வலை வீசியவர்களையே.

அடுத்த முறை கோவளம் செல்லும்போது, கட்டுமரத்தின் அருகே அமர்ந்திருக்கும் பெரியவரிடம், இன்று வீசும் காற்று எதுவெனக் கேட்போம். நமது பயணம் அங்கே தொடங்கட்டும்.