மனையும் மனைவியும்: எல்லைப்புற வாடகை வீடுகளின் வரலாறு

மனை என்னும் சொல் தமிழில் வீட்டையும் குறிக்கும். வீட்டிற்குரிய இல்லாளையும் குறிக்கும். இரண்டையும் ஒரு சொல்லால் வழங்கிய மக்கள் நாம். ஆயினும், நடக்க இயலாத துணைவியையோ கணவரையோ உடைய ஒருவர் பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ தமது வருவாய்க்கேற்ற வாடகை வீடு தேடிப் புறப்பட்டால், வீடு கிடைப்பினும் அதனுள் சக்கர நாற்காலி நுழைய வழி கிடைப்பது அரிதாயிருக்கிறது. இந்நிலை எங்ஙனம் உண்டாயிற்று என்பதை வரலாற்று வழி நின்று காண்போம்.

1956ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாளன்று மாநிலங்கள் மொழிவழி திருத்தியமைக்கப்பட்டன. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசார் வேண்டிய நெய்யாற்றின்கரைப் பகுதி கேரளத்திலேயே நின்றது. களியக்காவிளை அப்புறமும் பாறசாலை இப்புறமுமாக எல்லை வகுக்கப்பட்டது. கோடு போட்டதனால் உறவு முறியவில்லை. பெண் கொடுப்பதும் எடுப்பதும், சந்தைக்குப் போவதும், வேலை தேடி வருவதும் முன்போலவே நடந்தன. 1979இல் திருவனந்தபுரத்தினின்று கன்னியாகுமரிக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டபின், பாறசாலையிலே தங்கித் தலைநகரில் தொழில் பார்ப்பதும் எளிதாயிற்று. இவ்வாறு வந்து குடியேறுவோர்க்குச் சொந்த மண் இராது. வாடகை வீடே புகல்.

இனி, அவ்வீடுகளின் அமைப்பை நோக்குவோம். இப்பகுதி தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறுவது. நிலமோ மேடும் பள்ளமுமானது. மண்சுவரும் ஓலைக் கூரையுமாக வீடு கட்டிய நாளில், மழைநீர் சுவரைக் கரைத்துவிடாதிருக்கத் தரைமட்டத்தை உயர்த்தினர். ஆகவே வாசலில் படிகள் தோன்றின. கிணறும் குளிப்பிடமும் கழிப்பிடமும் வீட்டிற்கு வெளியே இருந்தன. காலப்போக்கில் ஓடும் கான்கிரீட்டும் வந்தன. கழிப்பறை உள்ளே வந்தது. ஆனால் படி போகவில்லை. பெருஞ்சாலையோரத்துச் சமநிலத்து வீட்டிற்கு வாடகை மிகுதி. குறைந்த வாடகை வேண்டுவோர் உள்ளொதுங்கிய மேட்டு வீட்டிற்கே செல்லவேண்டும். அங்கே படிகளும் மிகுதி.

ஏழை மக்களின் வீட்டுக் குறையைத் தீர்க்கக் கேரள அரசு செய்தவை பல. அவற்றை நன்றியோடு நினைத்தல் தகும். 1970ஆம் ஆண்டு முதல் நாளினின்று நடைமுறைக்கு வந்த நிலச்சீர்திருத்தம், பிறர் நிலத்தில் குடிசையிட்டு வாழ்ந்த குடிகிடப்புக்காரர்க்குப் பஞ்சாயத்துப் பகுதியில் 10 சென்ட் வரை நிலத்தை வாங்கிக்கொள்ளும் உரிமையை அளித்தது. 1972இல் அச்சுத மேனன் அமைச்சரவையில் வீட்டுவசதித் துறையை ஏற்றிருந்த எம். என். கோவிந்தன் நாயர், நிலமற்ற உழவுத் தொழிலாளர்க்கென லட்சம் வீடு திட்டத்தைத் தொடங்கினார். ஒரு சுவரை இரு குடும்பங்கள் பங்கிட்டுக்கொண்ட அச்சிறு வீடுகளின் பெயரால் இன்றும் ஊர்தோறும் காலனிகள் விளங்குகின்றன. பின்னர் லைஃப் திட்டமும் வந்தது. இவையனைத்தும் ஒருவரைச் சொந்த வீட்டிற்கு உடையவராக்கும் முயற்சிகள். வாடகைக்குக் குடியிருப்பவர் அவ்வீட்டில் எங்ஙனம் வாழ்வார் என்னும் வினா இவற்றுள் எழவில்லை.

உடற்குறையுடையோர் பற்றிய சட்டங்களும் இவ்வழியே சென்றன. 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி கேரளத்தில் அத்தகையோர் ஏறத்தாழ 7 லட்சத்து 62 ஆயிரம் பேர். 1995இல் அவர்கட்கெனத் தனிச்சட்டம் பிறந்தது. அதனினும் விரிந்த 2016ஆம் ஆண்டுச் சட்டம், அரசின் வீட்டுத் திட்டங்களில் நூற்றுக்கு 5 பங்கை 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறையுடையோர்க்கு ஒதுக்கியது. அவருள்ளும் பெண்களுக்கு முதலிடம் தரப் பணித்தது. சிறந்த விதியே, எனினும் தனியார் வீட்டின் வாசற்படியை அது எட்டவில்லை.

அப்படி எத்தகைய தடை என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு மடங்கு உயரத்திற்குப் பன்னிரண்டு மடங்கு நீளம் என்பது சாய்வுப் பாதைக்குரிய அளவு. தரை 45 சென்டிமீட்டர் உயர்ந்திருப்பின் பாதை 5.4 மீட்டர், ஏறத்தாழ 18 அடி, நீளவேண்டும். அத்துணை முற்றம் சிறிய வீடுகளில் ஏது? வாயில் 90 சென்டிமீட்டர் அகலம் இருத்தல் நன்று. குளியலறைக் கதவோ பல வீடுகளில் இரண்டடி, அஃதாவது 60 சென்டிமீட்டரே. நாற்காலி வாசலைக் கடந்தாலும் அங்கே நின்றுவிடும். அதன்பின் துணைவரைத் தூக்கிச் செல்வது நாள்தோறும் நிகழும் கடமையாகிறது. தூக்குவோர்க்கும் வயது ஏறுமன்றோ?

ஒரு கதவை அகற்றி வைப்பதற்குக் குடியிருப்பவர் ஏன் தயங்குகிறார்? அதற்கும் சட்டத்தில் ஒரு காரணம் உண்டு. 1965ஆம் ஆண்டின் கேரள வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், கட்டடத்தின் மதிப்பையோ பயனையோ பெரிதும் நிலையாகவும் குறைப்பவரை வெளியேற்ற இடமளிக்கிறது. படியை இடிப்பதும் சுவரை உடைப்பதும் அக்குற்றமாகக் கருதப்படுமோ என்னும் அச்சம் இயல்பே. அமெரிக்க நாட்டிலோ 1988இல் திருத்தப்பெற்ற குடியிருப்புச் சட்டம், உடற்குறையுடையவர் தம் செலவில் தேவையான மாற்றம் செய்துகொள்வதை வீட்டுக்காரர் மறுத்தலாகாது என்றது. போகும்போது உள்ளமைப்பைப் பழையபடி ஆக்கித் தருமாறு கேட்கும் உரிமையை அவர்க்கும் அளித்தது. இருவர்க்கும் நட்டமில்லை. நம் நாட்டில் இத்தகைய தெளிந்த விதி வரும்வரை, இருவரும் எழுதிக்கொள்ளும் ஓர் ஒப்புதலே அதன் வேலையைச் செய்யவேண்டும்.

ஆதலின் நம் காலனிக் குடும்பங்கள் கருதத்தக்கவை சில கூறுவோம். வாடகைப் பத்திரம் எழுதும்போதே, எடுத்துவிடக்கூடிய மரச்சாய்வோ இரும்புச்சாய்வோ வைக்கவும், கைப்பிடி பொருத்தவும், கதவை அகற்றவும் வீட்டுக்காரரின் இசைவை எழுத்தில் பெறுக. களியக்காவிளைக்கு அப்புறம் பெற்ற உடற்குறைச் சான்றிதழ் இப்புறம் செல்லாது என்று எவரேனும் கூறின் அஞ்சற்க. 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி அது நாடு முழுவதும் செல்லும். வீட்டுத் திட்டப் பயனாளிகளைத் தேரும் கிராமசபைக்குத் தவறாது சென்று, 5 விழுக்காட்டு ஒதுக்கீட்டைக் கேட்டுப் பெறுக. மலையாளத்தில் எழுத வராதே என்று வாளாவிருத்தல் வேண்டா. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், மாநிலத் தலைமைச் செயலகத்துக்குத் தமிழிலேயே விண்ணப்பம் எழுதவும் தமிழிலேயே விடை பெறவும் நமக்கு உரிமை தந்திருக்கிறது.

இறுதியாக, நம்முள் வீடு கட்டி வாடகைக்கு விடும் நிலைக்கு உயர்ந்தோர்க்கு ஒரு வேண்டுகோள். கீழ்த்தளத்தில் ஒரு பகுதியையேனும் படியின்றியும், குளியலறைக் கதவு மூன்றடியாகவும் கட்டுங்கள். புதிதாகக் கட்டும்போது அதற்காகும் கூடுதற் செலவு சிறிது. கட்டியபின் இடித்துத் திருத்துவதோ பெருஞ்செலவு. இன்று பிறர்க்காகக் கட்டும் அவ்வாயில், முதுமையில் நமக்கும் பயன்படும். எல்லையைத் தாண்டி வந்து வாழக் கற்ற நம் மக்கள் வாசற்படியின் முன் தோற்று நில்லாதிருக்க இச்சங்கம் துணை நிற்பதாக!