பழைய படத்தில் நிற்கும் கார் என்ன சொல்கிறது?

நம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் அவ்வப்போது ஒரு பழைய மெட்ராஸ் படம் வந்துவிடுகிறது. "1935இல் மவுண்ட் ரோடு, எவ்வளவு காலியாக இருக்கிறது பாருங்கள்!" என்று கீழே ஒரு வரியும் இருக்கும். படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பார்த்தால் பின்னால் எல்.ஐ.சி. கட்டடம் நிமிர்ந்து நிற்கும். அந்தப் 'பதினாலு மாடி' திறக்கப்பட்டது 1959 ஆகஸ்டில். யாரும் அதைக் கவனிப்பதில்லை. இருபது பேர் கைகூப்பி ஃபார்வர்டு செய்துவிடுவார்கள்.

கட்டடம் இல்லாத படத்தை என்ன செய்வது? அங்கேதான் தெருவோரம் நிற்கும் கார் உதவிக்கு வருகிறது. அஞ்சலட்டைப் படங்களில் கார் பெரும்பாலும் தற்செயலாக வந்து விழுந்தது. படம் பிடித்தவருக்குக் கடற்கரையோ கோபுரமோ ஊட்டி சேரிங் கிராஸோதான் குறி. அதனால் அந்தக் கார் நமக்கு நேர்மையான சாட்சி.

ஆனால் அது பாதி சாட்சிதான். 1948 மாடல் கார் ஒரு படத்தில் இருந்தால் படம் 1948க்கு முந்தையது இல்லை என்று அடித்துச் சொல்லலாம். 1948இல் எடுத்தது என்று சொல்ல முடியாது. நம் ஊரில் கார் வாங்கினால் முப்பது வருஷம் ஓட்டுவார்கள். முதலாளியிடமிருந்து டாக்டருக்கு, டாக்டரிடமிருந்து டாக்சிக்காரருக்கு என்று அது கைமாறும். எனவே படத்தில் உள்ள கார்களில் மிகப் புதியது எது என்று தேடுங்கள். பழையதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

மற்ற பாதியை, பின்னால் காணாமல் போன ஒன்று சொல்லும். மெட்ராஸில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது 1895இல், நின்றது 1953 ஏப்ரலில். ஓடுகிற டிராமும் 1948 காரும் ஒரே படத்தில் இருந்தால் உங்களுக்கு ஐந்து வருஷ இடைவெளி கிடைத்துவிட்டது. அண்ணா சாலையும் வாலாஜா சாலையும் சேரும் இடத்தில் அண்ணா சிலை இருந்தால் 1968க்குப் பின். ஜெமினி பாலம் இருந்தால் 1973க்குப் பின். அஞ்சலட்டையாக இருந்தால் திருப்பிப் பாருங்கள்: தபால் முத்திரைத் தேதிக்குப் பிறகு எடுத்த படமாக இருக்க வழியில்லை. முத்திரை அழிந்திருந்தால் ஸ்டாம்பில் இருப்பது எந்த ராஜா என்று பாருங்கள். ஏழாம் எட்வர்டா, ஐந்தாம் ஜார்ஜா, ஆறாம் ஜார்ஜா என்பதே ஒரு கணக்குத்தான். ஒரே படத்தைப் பல வருஷம் திரும்பத் திரும்ப அச்சடித்து விற்றதும் உண்டு. ஆகவே அட்டையின் வயது வேறு, படத்தின் வயது வேறு.

சரி, காரை எப்படி அடையாளம் காண்பது? முன்பக்கச் சின்னம் பெரும்பாலும் தெரியாது. உருவத்தைத்தான் பார்க்க வேண்டும். முகப்பு விளக்குகள் இரண்டும் தனித்தனிக் கிண்ணங்களாக நின்றால் 1930களின் நடுப்பகுதி வரையிலான வடிவம். 1940ஐ ஒட்டி அவை மட்கார்டுக்குள் புதைந்துவிடுகின்றன. கதவுக்குக் கீழே ஏறுபடி இருக்கிறதா, முன்கண்ணாடி நடுவில் இரண்டாகப் பிரிந்திருக்கிறதா, சக்கரத்தில் மரக்கம்பியா, இரும்புக்கம்பியா, மூடிய தட்டா என்று வரிசையாகப் பாருங்கள். 1950 வாக்கில் மட்கார்டின் திமிலும் மறைந்து, பக்கவாட்டு முழுக்க ஒரே சமதளமாகிவிடும். கிராமங்களில் 'பிளஷர்' என்று சொன்னார்களே, அந்தப் பெரிய அமெரிக்க வண்டிகள் பெரும்பாலும் இந்தத் திமில் காலத்தவை: செவர்லே, ஃபோர்டு, டாட்ஜ்.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். பழைய வண்ண அட்டைகள் பல கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல் கையால் நிறம் கொடுத்தவை. ஸ்டீயரிங் இடப்பக்கம் தெரிந்தால் உடனே 'வெளிநாட்டுக் கார்' என்று முடிவு செய்ய வேண்டாம். கடைப் பலகையில் எழுத்தும் தலைகீழாக இருக்கிறதா என்று பாருங்கள். நெகட்டிவைப் புரட்டி வைத்து அச்சடித்திருப்பார்கள்!

எண் பலகை படிக்கக் கிடைத்தால் அது அதிர்ஷ்டம். மெட்ராஸில் எம்.சி. 1 என்ற எண் துறைமுகத் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் காருக்கு. எம்.சி. 3, கட்டட ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியின் பிரெஞ்சு டி டியோன் காருக்கு. இந்த நகரில் கார் வைத்திருந்த முதல் இந்தியர் என்று அவரைச் சொல்வார்கள். (அதற்கெல்லாம் முன்பே, 1903இல், மவுண்ட் ரோடு சிம்சன் கம்பெனியில் சாமுவேல் ஜான் கிரீன் நீராவியில் ஓடும் கார் ஒன்றைச் செய்து காட்டியிருந்தார்.) பிற்காலத்தில் எம்.எஸ்., எம்.டி. என்று தொடங்கும் மூன்றெழுத்து எண்கள் வந்தன. 1969இல் மாநிலம் தமிழ்நாடு ஆனபின் 'டி'யில் தொடங்கும் மூன்றெழுத்துகள். 1989க்குப் பிறகுதான் டி.என். என்று போட்டு அலுவலக எண் போடும் இன்றைய முறை. நம் பார்க்கிங்கில் பாதி வண்டிகளில் இருக்கும் குன்றத்தூரின் டி.என். 85 அந்த வரிசையில் மிகவும் பிந்தியது.

1950களின் நடுவில் கதையே மாறுகிறது. இங்கேயே பாகங்களைத் தயாரிக்கும் திட்டம் உள்ள கம்பெனிகள் மட்டுமே கார் விற்கலாம் என்று 1953இல் மத்திய அரசு முடிவெடுத்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. அதன்பின் மாருதி 800 வந்த 1983 வரை, ஏறக்குறைய முப்பது வருஷம், தெருவில் புதிதாக வந்தவை பெரும்பாலும் மூன்றே வகை: கல்கத்தா அருகே உத்தர்பாராவின் அம்பாசடர், பம்பாயின் ஃபியட், மூன்றாவது நம் பக்கத்து ஸ்டாண்டர்டு.

இந்தக் காலத்துப் படத்தில் கார் பெயரைச் சொல்வது குழந்தைக்கும் எளிது, வருஷத்தைச் சொல்வதுதான் கஷ்டம். அம்பாசடர் 1957 முதல் 2014 வரை ஏறக்குறைய ஒரே உடம்போடு வந்தது. முகத்தை மட்டும் அவ்வப்போது மாற்றினார்கள். நெருக்கமான கட்டம் போட்ட கிரில் இருந்தால் 1960களில் வந்த மார்க் 2. படுக்கைக் கம்பிகளாக இருந்தால் 1975இல் வந்த மார்க் 3. அம்பாசடர் போலவே இருந்து, பின்புறம் சிறு வால் நீட்டல் இல்லாமல் உருண்டிருந்தால் அது 1954இல் வந்த லேண்ட்மாஸ்டராக இருக்கலாம். ஃபியட்டில் முன்கதவுக் கைப்பிடியைப் பாருங்கள். பழைய ஃபியட் 1100இன் முன்கதவு எதிர்ப்பக்கமாகத் திறக்கும், கைப்பிடி முன் ஓரத்தில் இருக்கும். பிற்காலப் பத்மினியில் அது வழக்கமான இடத்துக்கு வந்துவிட்டது.

ஸ்டாண்டர்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் அது நம் ஊர்க் கதை. நம் பக்கத்திலிருந்து வெளிவட்டச் சாலையில் ஏறினால் போய் முடியும் வண்டலூர்ப் பகுதியில்தான் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆலை இருந்தது. 1948இல் தொடங்கிய கம்பெனி. முதலில் வேன்கார்டு, பிறகு ஸ்டாண்டர்டு எய்ட், டென், பென்னன்ட். 1961இல் ஹெரால்டு. இத்தாலியர் மிக்கெலோட்டி வரைந்த வடிவம் அது. விளக்கின் மேல் இமை போன்ற மடிப்பு, பின்னால் கூரிய வால், மட்கார்டோடு சேர்த்து முன்னோக்கிக் கவிழும் பானெட். ஒருமுறை பார்த்தால் மறக்காது. இங்கிலாந்து டிரையம்ப் ஹெரால்டுக்கு இரண்டே கதவு. நான்கு கதவு வைத்தது 1960களின் பிற்பகுதியில் நம் வண்டலூர்க்காரர்கள், இந்தியாவுக்கென்றே! ஆகவே படத்தில் நான்கு கதவு ஹெரால்டைக் கண்டால் ஊரும் தெரிந்துவிட்டது, காலமும் கிட்டத்தட்டத் தெரிந்துவிட்டது. 1970களில் கேசல். 1985இல் ரோவரின் உடலுக்குள் பழைய எஞ்சினை வைத்து 'ஸ்டாண்டர்டு 2000' என்று பெரிய விலைக்கு விற்கப் பார்த்தார்கள். ஓடவில்லை. மூன்றே வருஷத்தில் அதன் உற்பத்தி நின்றது. ஆலை இருந்த இடம்தான் இன்று பெருங்களத்தூரில் ஐ.டி. அலுவலகங்களும் அடுக்குமாடிகளுமாக நிற்கும் ஸ்ரீராம் கேட்வே. அங்கே வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

விலைக்கு வாங்கிய அஞ்சலட்டையைவிட, உங்கள் வீட்டு ஆல்பத்தில்தான் இந்த வேலைக்கு அவசரம். அஞ்சலட்டையில் ஊர்ப் பெயராவது அச்சிட்டிருக்கும். மாமா கார் மேல் கைவைத்து நிற்கும் படத்தில் எதுவும் இருக்காது. வீடு மாறும்போதும் பரணை ஒழிக்கும்போதும் முதலில் குப்பைக்குப் போவது அவைதான். உங்கள் அப்பாவோ தாத்தாவோ வண்டலூர், எண்ணூர், பாடி ஆலைகளில் வேலை பார்த்தவராக இருந்தால், நீங்கள் அரைநாள் தேடிக் கண்டுபிடிப்பதை அவர் ஒரு நொடியில் சொல்லிவிடுவார். "இது எய்ட் இல்லடா, பென்னன்ட். வாலைப் பார்" என்பார். இந்தப் பொங்கல் விடுமுறையில் படங்களை அவர் முன் வையுங்கள்.

சொல்வதைப் படத்தின் பின்பக்கம் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா முன்பக்கம் வரை அழுந்தும், மையும் ஒட்டும். ஸ்கேன் செய்யும்போது ஓரத்தை வெட்டாமல் முழுப் படத்தையும், பின்பக்கத்தையும் சேர்த்து 600 டி.பி.ஐ.யில் எடுங்கள். எண் பலகை படிக்க அது வேண்டும். போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எண் கலங்கிவிடும். அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள், கீழே வருஷம் போடும் முன் பின்னால் எல்.ஐ.சி. நிற்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.