ஐஎஸ்எல் அட்டவணையைப் பின்தொடர்வது எப்படி? ஹைதராபாத் ரசிகர்களுக்கு மிஞ்சியிருப்பது என்ன?

ஹைதராபாத்: இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கால்பந்து தொடர் 2014ஆம் ஆண்டு 8 அணிகளுடன் தொடங்கியது. அணிகளின் எண்ணிக்கை 2017-18இல் 10, 2020-21இல் 11, 2023-24இல் 12, 2024-25இல் 13 என உயர்ந்தது. அதற்கேற்பப் போட்டிகளின் எண்ணிக்கையும் மாறி வந்துள்ளது.

லீக் சுற்று:

வழக்கமான பருவத்தில் ஒவ்வோர் அணியும் மற்ற அணிகளுடன் சொந்த மைதானத்தில் ஒரு முறையும், எதிரணி மைதானத்தில் ஒரு முறையும் மோதும். 13 அணிகள் எனில் ஓர் அணிக்கு 24 ஆட்டங்கள். லீக் சுற்றில் மொத்தம் 156 ஆட்டங்கள். வெற்றிக்கு 3 புள்ளிகள், டிராவுக்கு 1 புள்ளி. அணிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அணிக்கு ஓய்வு கிடைக்கும். எனவே புள்ளிப்பட்டியலைப் பார்க்கும்போது, எத்தனை ஆட்டங்கள் முடிந்துள்ளன என்பதையும் கவனிக்க வேண்டும்.

பிளே-ஆஃப்:

லீக் சுற்றில் முதலிடம் பெறும் அணிக்கு 2019-20 முதல் ஷீல்டு வழங்கப்படுகிறது. கோப்பைக்கான போட்டி தனி. 2022-23 முதல் பின்பற்றப்பட்ட முறைப்படி, முதல் இரு அணிகள் நேரடியாக அரையிறுதிக்குச் செல்லும். 3ஆவது அணி 6ஆவது அணியுடனும், 4ஆவது அணி 5ஆவது அணியுடனும் ஒரே ஆட்டத்தில் மோதி, வெல்பவை அரையிறுதிக்கு வரும். அரையிறுதி இரு ஆட்டங்களைக் கொண்டது.

இதன் கடுமையை ஹைதராபாத் எஃப்சி நேரில் உணர்ந்தது. 2022-23இல் இரண்டாமிடம் பிடித்த அந்த அணி, அரையிறுதியின் இரு ஆட்டங்களிலும் கோலின்றி டிரா செய்து, பெனால்டி ஷூட் அவுட்டில் ஏடிகே மோகன் பகானிடம் வீழ்ந்தது.

அட்டவணை வெளியீடு:

முழு அட்டவணையும் எப்போதும் ஒரே நேரத்தில் வெளியாவதில்லை. 2023-24, 2024-25 பருவங்களில் முதலில் டிசம்பர் வரையிலான ஆட்டங்கள் மட்டுமே அறிவிக்கப்பட்டன. தேசிய அணியின் ஆட்டங்களுக்காக இடையில் லீக் நிறுத்தப்படுவதும் உண்டு.

நகரம் இழந்த அணி:

2019இல் உருவான ஹைதராபாத் எஃப்சி, கச்சிபௌலி ஜி.எம்.சி. பாலயோகி மைதானத்தைத் தாயகமாகக் கொண்டிருந்தது. 2022 மார்ச் 20 அன்று கோவாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் கேரளா பிளாஸ்டர்ஸை ஷூட் அவுட்டில் வீழ்த்தி கோப்பையை வென்றது. ஆனால் 2023-24இல் கடைசி இடத்துக்குத் தள்ளப்பட்டது. 2025இல் அணி டெல்லிக்கு மாறி, ஸ்போர்ட்டிங் கிளப் டெல்லி எனப் பெயர் பெற்றது.

1951, 1962 ஆசிய விளையாட்டுகளில் இந்தியாவுக்குத் தங்கம் பெற்றுத்தந்த பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீமின் நகரம், இவ்வாறு முதல்நிலை லீக்கில் இடமின்றிப் போனது.

வணிக உரிமை ஒப்பந்தச் சிக்கலால் தாமதமான 2025-26 பருவம், 2026 பிப்ரவரி 14 அன்று தொடங்கும் என அறிவிக்கப்பட்டது. 14 அணிகள், 91 ஆட்டங்கள்; அதாவது ஒவ்வோர் அணியும் மற்றொன்றுடன் ஒரு முறை மட்டுமே மோதும்.

ஹைதராபாத் ரசிகர்களின் பார்வை இனி ஐ-லீக் பக்கம் திரும்பக்கூடும். அத்தொடரின் சாம்பியனுக்கு ஐஎஸ்எல் இடம் கிடைக்கும் முறை 2022-23இல் தொடங்கியது. அந்தப் பருவத்திலும் அடுத்த பருவத்திலும் இரண்டாமிடம் பிடித்து அவ்வாய்ப்பைத் தவறவிட்டது, இதே நகரின் ஸ்ரீநிதி டெக்கான் அணிதான்.