உபகாரமும் ஊதியமும்

புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர்களிலே மிக முதிய பெண்டிரை அணுகி, அவர்தம் வயதைக் கேட்டுப் பாருங்கள். பலர் எண்ணைச் சொல்லமாட்டார்கள். ஒரு நிகழ்ச்சியைச் சொல்வார்கள். பெரும்புயல் அடித்தபோது கைக்குழந்தை என்பார் ஒருவர். சமஸ்தானம் போன வருஷம் பிறந்ததாகத் தாய் சொல்லக் கேட்டேன் என்பார் மற்றொருவர். புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1948 மார்ச்சு மாதத்தில் இந்திய யூனியனோடு இணைந்தது என்பதை வரலாறு படித்த நாம் அறிவோம். அந்தப் பாட்டிக்கோ அது வரலாறு அன்று. தன் பிறந்த நாள்.

ஆனால் அரசாங்கத்திற்கு நிகழ்ச்சி போதாது, எண் வேண்டும். முதுமைக் காலத்தில் ஒருவருக்குப் பொருளுதவி செய்ய முற்படும் எந்த அரசும், இன்ன வயது முதல் என்று ஓர் எல்லைக்கோடு கிழிக்கத்தான் வேண்டும். அக்கோட்டை நகர்த்தினால் என்ன நேரும்? நகர்த்தும்போது யாருக்கு, எப்பொழுது, எவ்வாறு சொல்லவேண்டும்? இவ்வினாக்களையே இன்று ஆராய விரும்புகிறேன்.

முதலில் ஒரு சொல்லாராய்ச்சி. இன்று ஓய்வூதியம் என்று நாம் வழங்குவதை நம் பாட்டனார் காலத்தில் 'உபகாரச் சம்பளம்' என்றார்கள். இரு சொற்களுக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. உபகாரம் என்பது கொடுப்பவர் மனம் உவந்து அளிப்பது. நாளை நிறுத்தினாலும் கேட்க வழியில்லை. ஊதியம் என்பதோ உழைப்பின் பயன். அது கேட்டுப் பெறத்தக்கது. அரசு தரும் முதுமைப் பணம் உபகாரமா, ஊதியமா? இவ்வழக்கு மிகப் பெரிய அளவில் நடந்தேறிய நாடு இங்கிலாந்து. ஆகவே சிறிது நேரம் அங்கே சென்று திரும்புவோம்.

இங்கிலாந்தில் 1908 ஆம் ஆண்டுச் சட்டப்படி, 1909 ஜனவரி முதல் நாளன்று முதியோர் ஓய்வூதியம் தொடங்கிற்று. வயது 70, தொகை வாரத்திற்கு 5 ஷில்லிங். ஆண், பெண் என்ற வேறுபாடு இல்லை. ஆயினும் வறியவராயும் நல்லொழுக்கம் உடையவராயும் இருத்தல் வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. அஃதாவது அப்பொழுது அது பெரும்பாலும் உபகாரமே. பின்னர்த் தொழிலாளர் தம் கூலியிலிருந்து பணம் கட்டும் முறை வந்தது. 1928 முதல் அவ்வாறு கட்டியவர்களுக்கு வயது 65 ஆயிற்று. பணம் கட்டத் தொடங்கிய அன்றே உபகாரம் ஊதியமாக மாறத் தொடங்கியது எனலாம்.

பெண்களுக்கு மட்டும் வயதைக் குறைக்கவேண்டும் என்ற குரல் அடுத்து எழுந்தது. பிராட்போர்டு என்னும் ஆலைநகரத்தில் 1935 இல் புளோரன்ஸ் ஒயிட் என்ற அம்மையார், மணமாகாத உழைக்கும் பெண்களைத் திரட்டிச் சங்கம் கண்டார். 55 வயதில் ஓய்வூதியம் வேண்டும் என்று கோரினார். கணவனைவிட மனைவி பொதுவாகச் சில ஆண்டு இளையவள் ஆதலின், கணவன் 65 அடையும்போது இருவரும் ஒருங்கே ஓய்வூதியம் பெறுவதில்லை என்ற குறையும் இருந்தது. இவற்றின் விளைவாக 1940 ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களின் வயதை 60 ஆக்கியது. அரை நூற்றாண்டுக்கு மேல் அந்த 60 என்னும் எண் அந்நாட்டுப் பெண்களின் உள்ளத்தில் வேரூன்றி நின்றது.

பிறகு 1995 ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. ஆணுக்கு 65, பெண்ணுக்கு 60 என்பது சமத்துவம் ஆகாது. ஆகவே 2010 முதல் 2020 வரை படிப்படியாகப் பெண்களின் வயதும் 65 ஆக உயரும் என்றது அச்சட்டம். பதினைந்து ஆண்டுகள் முன்னறிவிப்பு! காகிதத்தில் பார்த்தால் இதைவிட நிதானமான சீர்திருத்தம் இருக்க முடியாது. ஆனால் சட்டம் இயற்றப்பட்டதே ஒழிய, அது யாரைத் தொடுமோ அப்பெண்களின் கைக்குச் செய்தி சென்று சேரவில்லை. துண்டு வெளியீடுகளும் விளம்பரங்களும் இருந்தன. எனினும் பல பெண்கள் இம்மாற்றத்தை அறியவில்லை என்று 2004 இல் வெளிவந்த ஆய்வறிக்கை அரசாங்கத்திற்கே எடுத்துக்காட்டிற்று. அதன் பின்னும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கடிதம் எழுதும் பணி 2009 இல்தான் தொடங்கியது. அதற்குள் 2011 இல் மற்றொரு சட்டம் வந்து, மாற்றத்தை விரைவுபடுத்தி, 2020 அக்டோபருக்குள் வயதை 66 ஆக்கிவிட்டது.

இதன் பொருளை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். 1954 நவம்பரில் பிறந்த ஒருத்தி, தாய்க்கும் தமக்கைக்கும் கிடைத்ததுபோல் 2014 நவம்பரில் தனக்கும் ஓய்வூதியம் வரும் என்று எண்ணியிருப்பாள். அவளுக்கு அது கிடைத்தது 2020 நவம்பரில். இடையே ஆறு ஆண்டுகள், எழுபத்திரண்டு மாதங்கள். முன்பே அறிந்திருந்தால் வேலையை விடாதிருந்திருப்பாள், சிறிது சேமித்திருப்பாள்.

இத்தகைய பெண்கள் 2015 இல் 'வாஸ்பி' என்ற இயக்கத்தைத் தொடங்கினர். வேறொரு குழுவினர் நீதிமன்றம் ஏறினர். வயதை உயர்த்தியது பெண்களுக்கு எதிரான பாரபட்சம் அன்று என 2019 இல் உயர்நீதிமன்றமும், 2020 இல் மேல்முறையீட்டு மன்றமும் தீர்ப்பளித்தன. ஆனால் பாராளுமன்றத்தின் குறைகேள் அதிகாரி 2021 இல் வேறொரு முடிவைக் கூறினார்: வயதை மாற்றியது ஒரு செயல், அதைச் சொல்லாமல் தாமதித்தது மற்றொரு செயல், பின்னது நிர்வாகத் தவறு. கடிதங்கள் 28 மாதங்களேனும் முன்னதாகச் சென்றிருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, 2024 மார்ச்சில் ஒவ்வொருவருக்கும் 1,000 முதல் 2,950 பவுன் வரை இழப்பீடு தரப் பரிந்துரைத்தார். அவ்வாண்டு டிசம்பரில் அரசாங்கம் தாமதத்திற்கு மன்னிப்புக் கேட்டது. இழப்பீடு தர மறுத்தது.

வயதைச் சமமாக்கியது நியாயமே அன்றோ என்று நீங்கள் கேட்கலாம். கொள்கையளவில் நியாயமே. ஆண்களைவிடப் பெண்கள் சராசரியாக அதிக ஆண்டுகள் வாழ்கிறார்கள் என்ற வாதத்தையும் தள்ளிவிட முடியாது. ஆனால் அதே இங்கிலாந்தில் சம வேலைக்குச் சம ஊதியம் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது 1975 இறுதியில். 1950களில் பிறந்தோருள் பலர் குறைந்த கூலிக்கு உழைத்தவர்கள். குழந்தைகளையும் முதியோரையும் பேணுவதற்காக வேலையை விட்டவர்கள். வாழ்நாள் முழுவதும் வராத சமத்துவம், அறுபதாம் வயதில் மட்டும் முந்திக்கொண்டு வந்து வாயிலில் நின்றால், அதை வரவேற்பது எளிதன்று.

இனி நம் நாட்டிற்குத் திரும்புவோம். அன்றைய சென்னை மாநிலத்தில், காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, 1962 ஏப்ரல் முதல் நாளன்று முதியோர் ஓய்வூதியத் திட்டம் தொடங்கியது. மாதம் 20 ரூபாய். அந்நாளில் புதுக்கோட்டை திருச்சி மாவட்டத்தின் பகுதி. தனி மாவட்டமானது 1974 இல். ஆதரவற்ற விதவைகளுக்கு 1975 இலும், கணவனால் கைவிடப்பட்டோருக்கு 1986 இலும் தனித் திட்டங்கள் வந்தன. மைய அரசின் முதியோர் ஓய்வூதியம் 1995 ஆகஸ்டு 15 அன்று தொடங்கிற்று. அதற்கு வயது, ஆணாயினும் பெண்ணாயினும், 65. பின்பு 2011 ஏப்ரலில் அது 60 ஆகக் குறைக்கப்பட்டது. இங்கிலாந்து கோட்டை மேலே தள்ளிய அதே ஆண்டில், நம் நாடு கீழே இறக்கியது!

குறைத்தால் நன்மைதானே, அறிவிப்பு எதற்கு என்று எண்ணாதீர்கள். சமஸ்தானம் இணைந்த 1948 மார்ச்சில் பிறந்த, கல் உடைத்துப் பிழைக்கும் ஏழைப்பெண் ஒருத்தியை நினைத்துக்கொள்வோம். பழைய விதிப்படி அவள் 2013 வரை காத்திருக்க வேண்டும். புதிய விதிப்படி 2011 இலேயே விண்ணப்பிக்கலாம். ஆனால் ஓய்வூதியம் தானாக வீடு தேடி வராது. விண்ணப்பம் எழுதினால்தான் வரும். விதி மாறியதை ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லையாயின், இரண்டாண்டுகள் வீணே கழியும். அவ்வாண்டு தமிழக அரசு மாதத் தொகையை 1,000 ரூபாயாக உயர்த்தியது. அக்கணக்கில் அவள் இழப்பது ஏறத்தாழ 24,000 ரூபாய். அன்றியும், பிறப்பைப் பதியும் சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றாக வந்தது 1969 இல். அதற்கு முன் பிறந்த பலருக்கு வயது என்பது, குடும்ப அட்டைக்கோ வாக்காளர் பட்டியலுக்கோ எழுத வந்தவர் முகம் பார்த்து இட்ட எண்ணே. அந்த எண் நான்காண்டு குறைந்திருந்தால், உரிமையும் நான்காண்டு தள்ளிப்போகும்.

அப்படியானால் செய்தியைக் கொண்டு சேர்ப்பது எவ்வாறு? அதற்கும் இந்த மாவட்டமே ஒரு பாடம் கற்பித்திருக்கிறது. 1991 இல், ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்த காலத்தில், இங்கே அறிவொளி இயக்கம் வேகங்கொண்டது. வயலிலும் கல்குவாரியிலும் உழைத்த பெண்கள் இரவில் விளக்கொளியில் எழுத்துக் கற்றார்கள். எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். 70,000 க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் ஓட்டிக் காட்டியதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். அரசாங்கத்தின் செய்தி ஒரு பெண்ணின் வாசல்வரை சென்றது என்பதோடு நில்லாமல், அப்பெண்ணே அரசாங்கத்தின் அலுவலகம்வரை செல்லும் ஆற்றலைப் பெற்றாள் என்பதே இதன் சிறப்பு.

ஒன்றைமட்டும் மறத்தலாகாது. இங்கிலாந்துப் பெண்கள் எழுத்தறியாதவர்கள் அல்லர். ஆயினும் அவர்களுக்குத் தெரியவில்லை. ஆகவே படிப்பறிவு இருந்தால் போதும், சொல்லும் கடமை அரசுக்கு இல்லை என்று கூறுதல் பொருந்தாது. சட்டம் அரசிதழில் அச்சாவது வேறு. உரியவர் செவியில் விழுவது வேறு. உபகாரம் செய்பவர் முன்னறிவிப்பின்றி அதை நிறுத்தலாம். ஊதியம் தரவேண்டியவரோ, தவணையை மாற்றினால் உரியவரிடம் நேரே சொல்லியாக வேண்டும். அவர் தம் வாழ்வைத் திருத்தி அமைத்துக்கொள்ளக் காலமும் தரவேண்டும்.

மாணவ நண்பர்களே, இன்று வீட்டிற்குச் சென்றதும் உங்கள் பாட்டியாரிடமோ அடுத்த வீட்டு மூதாட்டியிடமோ வயதைக் கேளுங்கள். அவர் ஒரு புயலைச் சொல்லலாம். ஒரு பஞ்சத்தைச் சொல்லலாம். நீங்கள் கற்ற வரலாற்றைக் கொண்டு அதை ஓர் ஆண்டாக மாற்றிப் பாருங்கள். அட்டையில் எழுதியுள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். பிழை இருந்தால் திருத்த மனு எழுதிக் கொடுங்கள். அவருக்கு அது சில ஆண்டுகளின் சோறாகலாம்.