இடையில் ஒரு குழந்தை

ஐப்பசி மழையில் ஆலந்தலைக்குப் போயிருந்தேன். வள்ளங்களெல்லாம் கரையேறிக் கிடந்தன. நண்பர் வீட்டுத் திண்ணையில் அவருடைய பேத்தி உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் பயிற்சியில் இரண்டாம் வருஷம். வயிற்றில் எட்டு மாதம். மடியில் ஒரு பதிவேடு. எத்தனை பிரசவம் கூட இருந்து பார்த்தாள் என்பதை அதில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டுமாம்.

"லீவு உண்டா, அம்மா?" என்று கேட்டேன்.

"உண்டு தாத்தா. ஆனா ஆஜர் நாள் குறைஞ்சு போச்சுன்னா, பின்னால வர்ற பிள்ளைகளோடதான் பரீட்சை எழுதணும்."

குறையாகச் சொல்லவில்லை, மழை பெய்கிறது என்பதுபோலச் சொன்னாள். எனக்குத்தான் மனம் சமாதானம் ஆகவில்லை. ஊர் திரும்பியதும் பழைய சங்கதிகளைப் புரட்டத் தொடங்கினேன்.

1875-ல் சென்னை மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அன்றைய உலகத்தில் அது சாமான்யமான காரியமல்ல. நால்வரில் ஒருவர் மேரி ஷார்லீப். சென்னையில் தொழில் நடத்திய ஓர் ஆங்கில பாரிஸ்டரின் மனைவி, மூன்று குழந்தைகளின் தாய். ஆண் டாக்டர் தொடக்கூடாது என்று வீட்டுக்குள்ளேயே மடிந்த பெண்களின் கதைகள் அவரை உலுக்கின. பிரசவ ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்று, பிறகு கல்லூரியில் படித்து, 1878-ல் தேறினார். லண்டன் சென்று பட்டமும் வாங்கித் திரும்பிய பின், 1885-ல் அவர் முயற்சியில் எழுந்த ஆஸ்பத்திரிதான் இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி பெயரால் விளங்குகிறது.

பெரிய வாழ்க்கைதான். ஆனால் அவர் படிக்க வந்தது பிள்ளைகளைப் பெற்ற பிறகு. பாரிஸ்டர் வீட்டில் ஆயாவுக்கா பஞ்சம்?

அடுத்து நம் முத்துலட்சுமி அம்மையார். 1907-ல் கல்லூரியில் சேர்ந்தார், 1912-ல் தேறினார், 1914-ல் மணம் புரிந்துகொண்டார். ஒருவருக்குப் பிள்ளை முன்பே. மற்றவருக்குக் கல்யாணமே பின்னால். படிப்பின் நடுவே தொட்டில் கட்டியவளின் கதை என் கண்ணில் அகப்படவில்லை. நாம் கொண்டாடும் பெயர்களெல்லாம் அந்தக் கண்டத்தைத் தாண்டியவர்களின் பெயர்கள் என்று தோன்றுகிறது.

சட்டம் என்ன செய்தது? சென்னை மாகாணத்தில் 1934-ஆம் வருஷத்து மகப்பேற்று உதவிச் சட்டம் ஆலைப் பெண்களை நினைத்தது. 1961-ல் நாடு முழுவதற்கும் ஒரு சட்டம் வந்தது, பன்னிரண்டு வாரம். (தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்ததும் அந்த வருஷம்தான்; என் நண்பர் அதில் மூழ்கியவர்.) 2017-ல் அது 26 வாரமாயிற்று. தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு 2021 முதல் 12 மாதம். எல்லாம் நல்லதே. ஆனால் இவை சம்பளக்காரியை அறிந்த சட்டங்கள். வார்டில் இரவெல்லாம் நிற்கிற பயிற்சிப் பெண், சம்பளப் பட்டியலுக்கு மாணவி. மற்ற நேரத்தில் வேலைக்காரி.

ஒப்பந்தத்தில் பணியாற்றிய டில்லி டாக்டரம்மாள் ஒருவர் விடுப்புக் கேட்டார். ஒப்பந்தம் முடியப் பதினொரு நாளே இருந்ததால் பதினொரு நாள்தான் என்றார்கள். 2023-ல் உச்ச நீதிமன்றம் ஒப்பந்தம் முடிந்தாலும் முழு உதவியும் உண்டு என்றது. மேற்படிப்பு முடித்து அரசு ஆஸ்பத்திரியில் பிணைக்காலம் பணிபுரிந்த இன்னொரு டாக்டர், பேறுகால விடுப்பை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை என்று வழக்காடினார். விடுப்பும் பிணையில் சேரும் என்று 2025-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தீர்ப்பாயிற்று. படித்தபோது எனக்குக் குதூகலமாக இருந்தது. ஆனால் இருவரும் பட்டம் வாங்கியவர்கள்.

தை மாதம் நண்பர் டெலிபோனில் பேசினார். பெண் குழந்தை, சுகப் பிரசவம். பேத்தி பயிற்சிக்குத் திரும்பப் போகிறாளாம், அடுத்த வருஷப் பிள்ளைகளோடு. குழந்தை ஆலந்தலையில் கொள்ளுப்பாட்டியிடம் இருக்கும்.

"பதிவேடு?" என்றேன்.

"அதை நனையாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறாள். பழைய கையெழுத்துகள் செல்லுமா என்று கேட்டுக்கொண்டு வரத்தான் நாளைக்குப் போகிறாள்" என்றார்.